மாற்றி வைத்த சர்க்கரை

இன்சுலின் போட்டுக்கொள்கிற மனுஷன் சர்க்கரை டப்பாவில் ஸ்பூனை விடலாமா? தையல்காரரிடம் சொல்லிச் சொல்லி மனைவிக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். போன வாரம் டப்பாவைக் கழுவித் துடைத்து, கடையில் விற்கிற இனிப்புத் தூளைக் கொட்டி வைத்துவிட்டாள். பார்வைக்கு அச்சு அசல் சர்க்கரை. இனிக்கும், ரத்தத்தில் ஏறாது. யாரிடமும் மூச்சு விடவில்லை. நாத்தனார் காதில் விழுந்தால் ஊருக்கே தண்டோராதான்.

இன்று கடைக்குப் போய்த் திரும்பியவளை நாத்தனாரின் குரல் வாசலிலேயே பிடித்துக்கொண்டது.

"அண்ணி, சீக்கிரம் வாங்க! அண்ணனுக்கு சுகர் இறங்கிடுச்சு. ஊசியைப் போட்டுட்டு, யூனிஃபார்ம் அவசரம்னு சாப்பிடாமலே உட்கார்ந்துட்டாரு."

அவர் தையல் மெஷின்மேல் தலை சாய்த்திருந்தார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

"என்ன குடுத்த?"

"டாக்டர் சொன்ன சர்க்கரைத் தண்ணிதான். ரெண்டு டம்ளர் உள்ள போயாச்சு. சுகர் பார்க்கிற மெஷின்ல பார்த்தா இன்னும் இறங்குது. ஏன்னே புரியல அண்ணி."

மனைவி சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"எந்த டப்பாவுல எடுத்த?"

"நம்ம வீட்ல என்ன பத்து டப்பாவா இருக்கு?"

தையல்காரர் தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தார். "துணி நாளைக்குத்தாம்மா கிடைக்கும். போயிட்டு வாங்க."

"பாருங்க, இந்த நேரத்துலயும் கிண்டல்!"

"கிண்டல் இல்லடி, அவருக்கு என்னைத் தெரியல. டப்பாவுல இருக்கிறது சர்க்கரையே இல்ல. நான்தான் மாத்தி வச்சேன்."

"ஐயோ அண்ணி! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அப்புறம் திட்டு. முதல்ல ஓடு. பக்கத்து வீட்ல நிஜச் சர்க்கரையா கேட்டு வாங்கு."

நாத்தனார் செருப்பில்லாமல் ஓடினாள். மனைவி ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். "வந்துட்டிருக்கோம்" என்றார்கள்.

சுவருக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுக்காரியின் குரல் கேட்டது. "எங்க வீட்லயும் அந்தத் தூள்தாம்மா. இவருக்கும் சுகர் இருக்கே! எதிர் வீட்ல கேட்டுப் பாரு."

"என்னங்க, இங்க பாருங்க. தூங்காதீங்க." மனைவி அவர் கன்னத்தைத் தட்டினாள். கண்கள் பாதி திறந்திருந்தன, பார்க்கவில்லை.

நாத்தனார் எதிர் வீட்டிலிருந்து மூச்சிரைக்க வந்தாள். சர்க்கரையைக் கரைத்து டம்ளரை அவர் உதட்டில் வைத்தாள். வாய்க்குள் போனதெல்லாம் கடைவாயில் வழிந்தது.

"முழுங்குண்ணே!"

மனைவி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "ஊத்தாத. முழுங்கல. புரையேறிடும்."

"இது நிஜச் சர்க்கரைதான் அண்ணி!"

"தெரியுது. இனிமே குளுக்கோஸை ஊசியிலதான் ஏத்தணும்."

இருவருமாக அவரைத் தரையில் இறக்கி, ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். தெருமுனையில் ஒரு வண்டி திரும்பும் சத்தம் கேட்டது. நாத்தனார் எழுந்து ஓடினாள். வேறு ஏதோ வண்டி, நிற்காமல் போயிற்று.