நாலு மணி நிழல்

டெய்லர் வாயைத் திறந்தால் முதலில் வருவது, "நிமிர்ந்து நில்லுங்க." அளவு கொடுக்க வருகிறவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் கூன் போட்டு நின்றால் அவருக்கு ஆகாது. அந்தப் பழக்கம்தான் கொல்லைப்புறத்தில் அவர் காலை வாரியது.

கொல்லைக்கு நிழல்துணி கட்ட வேண்டும் என்று அவர் கிளம்பியது மனைவிக்காக. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் அவள். விசில் ஊதினால் தெருவில் போகிறவனும் ஓட ஆரம்பிப்பான். அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரு வியாதி வந்தது. அதற்குக் கொடுத்த மருந்துக்கு வெயிலே ஆகாது, பட்டால் தோல் கொப்பளித்துவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு வருடமாகப் பகலெல்லாம் வீட்டுக்குள்தான். முதலில் புலம்பினாள், சண்டை போட்டாள். அதையெல்லாம் டெய்லர் சமாளித்துவிட்டார். போன மாதம் ஒருநாள், "பழகிடுச்சுங்க, விடுங்க" என்றாள் பாருங்கள், அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

மறுநாளே துணி தேட ஆரம்பித்தார். ஊசிமுனை வெளிச்சம்கூட நுழையாத கெட்டித் துணியாகப் பொறுக்கி எடுத்து, ஓரத்தை இரட்டையாக மடித்துத் தைத்து, நாலு மூலையிலும் இரும்பு வளையம் வைத்தார். தூண் நடுவதற்கு மனைவியின் தம்பி வந்து சேர்ந்தான். லாரி டிரைவர்.

"தார்ப்பாய் கட்டுற எனக்கே முடிச்சுப் போடச் சொல்லித் தர்றீங்களே மாமா!"

"நீ கட்டுறது மூட்டைக்கு மச்சான். இது உங்க அக்காவுக்கு."

குழி வெட்டி, நாலு இரும்புத் தூணை நிறுத்தி, கான்கிரீட் போட்டு, அது இறுகும்வரை டெய்லர் ஒருவரையும் கிட்டே விடவில்லை. தினமும் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிட வந்தவர், சோற்றை மறந்துவிட்டு டேப்போடு கொல்லையில் நின்றார். ஞாயிற்றுக்கிழமை துணியை ஏற்றி, வளையங்களில் மாட்டிய திருகாணிகளை முறுக்கி இழுத்துக் கட்டினார்கள். தட்டினால் டம்மென்றது. உச்சி வெயிலில் அதன் நிழல், மனைவிக்காகப் போட்டிருந்த நாற்காலியின் மேல் அச்சடித்ததுபோல் விழுந்தது.

"நாலு மணிக்கு டீ வெளியிலதான். அதுவரைக்கும் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது" என்று உத்தரவு போட்டார்.

நாலு மணிக்குக் கதவைத் திறந்தால், நாற்காலி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. நிழல் மொத்தமாகச் சுவர் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தது. அங்கே குடியிருக்கும் பேங்க்காரர் சாய்வு நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஜம்முன்னு இருக்கு டெய்லர்! எதுக்கு உங்களுக்கு இவ்வளவு சிரமம்?"

மச்சான் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான். டெய்லருக்கு முகம் செத்துப்போயிற்று.

"பரவாயில்லைங்க" என்று டீச்சர் மெதுவாகக் கதவைச் சாத்தப் போனாள். அதற்குப் பதிலாக நாலு திட்டு திட்டியிருக்கலாம். சாத்தினால் அப்புறம் அவள் வெளியே வருகிற பேச்சையே எடுக்க மாட்டாள் என்று டெய்லருக்குத் தெரிந்துவிட்டது. ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"சரியாத்தான்மா அளந்தேன்! தினமும் அளந்தேன்!"

"எப்போ அளந்தீங்க?"

"மத்தியானம்."

டீச்சர் அவரையே பார்த்தாள். உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தார். அவளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"சூரியனையும் நிமிர்ந்து நிக்கச் சொல்லிட்டீங்களா? அது சாய்ஞ்சு இறங்காதா?" கண்ணைத் துடைத்தவள், கதவு நிழலுக்குள் நின்றபடியே குரலை உயர்த்தினாள். மைதானத்துக் குரல். "டேய் தம்பி! மேற்குப் பக்கம் ரெண்டு மூலையையும் இறக்குடா!"

"உனக்கெப்படிக்கா தெரியும்?"

"ஒரு வருஷமா ஜன்னல்ல நின்னு வேற என்னத்தைப் பார்த்தேன்? வெயில் எங்க ஏறும், எங்க இறங்கும்னு எனக்கு மனப்பாடம். இறக்கு. இன்னும். டேய், தூங்கிட்டியா?"

திருகாணிகளைத் தளர்த்தி இருவரும் ஆளுக்கொரு மூலையாக இறக்கினார்கள். துணி மேற்கே சாயச் சாய, நிழல் சுவரேறி இந்தப் பக்கம் குதித்தது. தரையில் ஊர்ந்து, நாற்காலியை விழுங்கி, கதவோரப் படிவரை வந்து நின்றது.

டீச்சர் ஒரு காலை வெளியே வைத்தாள். பிறகு மற்றக் காலை. டெய்லர் சந்தோஷத்தில் அழுவதற்கு வெட்கப்பட்டு, முடிச்சைச் சரிபார்ப்பதுபோல் தூணைக் கட்டிக்கொண்டு நின்றார்.

டீ வந்தது. பேங்க்காரரும் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நிழல் நகர நகர டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினாள். ஒரு வருடத்துப் பேச்சு! வெயில் போயிற்று, பேங்க்காரர் போனார், மச்சானும் லாரிக்குக் கிளம்பினான்.

"இருட்டப் போகுது. உள்ள வாம்மா" என்றார் டெய்லர்.

"நீங்க வேணும்னா போங்க" என்றாள் அவள், காலை நீட்டிக்கொண்டு. "எனக்கு உள்ள ஒரு வேலையும் இல்ல."