மருதாணி வைத்த மஸ்ஊதா

"யார் வீட்டுலயாவது ஆமை வளர்க்கிறீங்களா?" என்று உஸ்தாதா நவால் கேட்டபோது வகுப்பில் ஒருவரும் கை தூக்கவில்லை. தலைநகர் ரபாத்திலிருந்து வந்த டீச்சருக்கு என்ன தெரியும்? எங்கள் ஊர் சேஃப்ரூவில் யாரும் ஆமை வளர்ப்பதில்லை. முற்றத்தில் அது பாட்டுக்கு இருக்கும், கதவு இருக்கிற மாதிரி.

உஸ்தாதாவுக்கு ஒரே சந்தோஷம். மலையில் திரிகிற ஆமைகளை வீட்டுக்குத் தூக்கி வந்தே அந்த இனத்தை ஒழித்துக்கொண்டிருக்கிறோம் என்றார். எனக்குத் திக்கென்றது. எங்கள் ஆமை மஸ்ஊதா நான் பிறந்த வாரம் வந்தவள்; பெயருக்கே அதிர்ஷ்டக்காரி என்றுதான் அர்த்தம். அவள் போனால் வீட்டு அதிர்ஷ்டமும் கூடவே போய்விடும் என்பது அம்மாவின் நம்பிக்கை. பெருநாளுக்கு எனக்கு வைத்தது போக மிச்ச மருதாணி அவள் ஓட்டுக்குத்தான். அப்படியென்றால் நாங்கள் திருடர்களா?

அம்மாவுக்குத் தெரியாமல் அவளைப் புத்தகப் பையில் கொண்டுபோய் மலையடியில் விட்டேன். அழுகையும் பெருமையும் ஒன்றாக வந்தன.

திங்களன்று உஸ்தாதாவின் காதில் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"ஐயோ ஹஸ்னா, வீட்டு ஆமையை அங்க விடவே கூடாது. அதோட நோய் காட்டு ஆமைக்கும் தொத்திக்கும்."

"எடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"காட்டு ஆமையைத்தான்மா எடுக்கக் கூடாது!"

உஸ்தாதா என் பெயரைச் சொல்லாமல் அதையே வகுப்புக்கும் சொல்லிவிட்டு, "வா, நானும் வரேன்" என்றார்.

பள்ளி விட்டதும் போனோம். புதருக்குள் சிவந்த ஓடு! பாய்ந்து எடுத்தேன். மஸ்ஊதாவுக்கு முன்னங்காலில் ஒரு நகம் கிடையாது. இதற்கு எல்லாம் இருந்தன. அடுத்த புதரிலும் ஒன்று, அதற்கும் மருதாணி. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"மஸ்ஊதா!" என்று யாரோ கூப்பிட்டார்கள். என் பெஞ்சுக்காரி இதிமாத்.

"உங்க வீட்டுதும் மஸ்ஊதாவாடி?"

"பின்னே? அதிர்ஷ்டம் உங்க வீட்டுக்கு மட்டும்தானா?"

அவளுக்குப் பின்னால் பாதி வகுப்பு நின்றது. மூலைக்கு மூலை மஸ்ஊதாவைக் கூப்பிட்டபடி தேடினோம். கடைசியில் நகமில்லாத என் மஸ்ஊதா கிடைத்தாள். கட்டிக்கொண்டு அழுதேன். பதினோரு ஆமைகள் பைகளுக்குள் போயின.

உஸ்தாதா நோட்டைத் திறந்தார். "சரி, மருதாணி இல்லாத ஆமை யார் கண்ணுலயாவது பட்டுச்சா?"

ஒருவரும் கை தூக்கவில்லை.