மகாதேவி மச்சாளுக்கு ஞாபக ரியூசன்

எல்லாரும் எப்பிடி இருக்கிறியள்? பிறசர், சீனி வருத்தம் எல்லாம் அடங்கிக் கிடக்குதோ? எனக்கு முழங்கால் மட்டும் சொல்வழி கேளாது, மற்றும்படி சுகம்.

இஞ்சை சண்டிலிப்பாயிலை, சனசமூக நிலையத்திலை, சுகாதாரப் பகுதியார் ஞாபகமறதிச் சோதினை வைச்சவை. வயசுபோன ஆக்கள் கேள்விக்குப் பதில் சொல்லவேணும். புள்ளி குறைஞ்சால் கிளினிக், மருந்து. அவையை எப்பிடிப் பராமரிக்கிறதெண்டு வீட்டுக்காரருக்கும் சொல்லிக் குடுப்பினமாம். நல்ல விசயம்தானே. ஆனால் எங்கடை சனத்திட்டைப் போய்ச் சோதினை எண்டு சொல்லலாமோ?

என்ரை மச்சாள் மகாதேவிக்குத்தான் அது கட்டாயம் தேவை. போன மாதம் கோயிலுக்குப் போனவ, திரும்பி வர வழி தெரியாமல் சந்தியிலை நிண்டு அழுதவ. அவவின்ரை மகன் ஜெயதீபன் கணக்கு ரியூசன் மாஸ்டர்.

"மாமி, அம்மா பெயிலானால் தங்கச்சியின்ரை கலியாணப் பேச்சுக் குழம்பிப்போகும். மாப்பிளை வீட்டார் ஓடிடுவினம்" எண்டான்.

முன்னம் புத்தூரிலை நடந்த சோதினையின்ரை கேள்வியளை விசாரிச்சு எடுத்து, ஒரு கிழமையாய்த் தாய்க்கு வகுப்பு.

"என்ன மாவட்டம்?"

"யாழ்ப்பாணம்."

"ஞாபகத்திலை வைக்கச் சொல்லுற மூண்டு சாமான்?"

"மாங்காய், கதவுத் திறப்பு... என்னடா மற்றது?"

"சைக்கிள்! சொல்லாமல் தேத்தண்ணி கிடையாது!"

எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. "டேய், பெயிலானால்தானடா மருந்து!"

"எங்கடை குடும்பத்திலை ஆரும் பெயிலானதில்லை மாமி."

சோதினையண்டு காலமை கிழமையையும் திகதியையும் சொல்லிக் குடுத்துத்தான் கூட்டிக்கொண்டு வந்தவன். மச்சாள் மடமடவெண்டு ஒப்புவிச்சா. முப்பதுக்கு முப்பது! சனம் கைதட்டினது. ஜெயதீபன் சேட்டுக் கொலரை இழுத்துவிட்டுக்கொண்டு நிண்டான்.

"அம்மாவுக்கு ஒண்டுமில்லை, கிளினிக் தேவையில்லை" எண்டா தாதி நிரோஜா.

மச்சாள் அந்தப் பிள்ளையின்ரை கையைப் பிடிச்சா.

"பிள்ளை, உந்த மாஸ்டர் நல்லாப் படிப்பிக்கிறார். கொஞ்சம் கோவக்காரர், எண்டாலும் நல்ல பெடியன். ஆரின்ரை மகன்? பெத்தவள் குடுத்துவைச்சவள்."

ஜெயதீபன் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டான். பிறகு மெல்லமாய்க் கேட்டான்.

"மிஸ், கிளினிக் எப்ப?"

"வியாழக்கிழமை. வீட்டுக்காரரும் வரவேணும்."

"ஓம், நான் கூட்டிக்கொண்டு வாறன்."

உங்கடை வீட்டிலையும் இப்பிடி ஆரையேன் பாஸாக்கி விட்டிருக்கிறியளோ? வெக்கப்படாமல் எழுதுங்கோ, நான் ஆரிட்டையும் சொல்லமாட்டன்.