ஜாம் பாட்டிலில் இருந்த நீலம்

கடைசியாக அவர் அவளிடம் கேட்டு வாங்கிக்கொண்டது ஒரு காலி ஜாம் பாட்டில்.

அன்று காலையில்தான் அதன் அடியில் ஒட்டியிருந்ததைக் கரண்டிக் காம்பால் வழித்து, ரொட்டியில் தடவித் தீர்த்திருந்தாள். பாட்டிலை வெந்நீரில் ஊறப்போட்டு லேபிளை உரித்ததில் பாதிதான் வந்தது. ஒரு ஸ்ட்ராபெரிப் பழமும் அதன் இரண்டு இலைகளும் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருந்தன. மதியச் சாப்பாடு முடிந்து, கை கழுவிய ஈரத்தோடு அவர் அதை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இது எனக்கு என்றார். மூடியும் வேண்டும் என்றார். அலமாரி மேல் தேடி மூடியை எடுத்துக் கொடுத்தாள். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பின்பக்க ஷெட்டுக்குப் போனார். நாலு மணிக்கு உள்ளே வந்து, கொஞ்ச நேரம் படுக்கிறேன் என்றார். அவள் டீ போட்டு எடுத்துப் போய் எழுப்பியபோது அவர் எழுந்திருக்கவில்லை.

அவர் லிஃப்ட் மெக்கானிக்காக முப்பது வருஷம் வேலை பார்த்தவர். அவள் வீட்டிலேயே தையல் மிஷின் வைத்திருந்தாள். இருவருக்கும் சேர்ந்து இருந்த ஒரே ஆடம்பரம் வாசலில் நின்ற இருபத்தாறு வயதுக் கார். வாங்கும்போது அது நல்ல நீலம். வெயில் அதை வருஷக்கணக்காகத் துவைத்துத் துவைத்து வெளுக்க வைத்திருந்தது. கூரை ஒரு நீலம், கதவு ஒரு நீலம், கதவின் அடிப்பக்கம் இன்னொன்று. சொந்தக்காரர்கள் அதற்குத் 'துவைச்ச சட்டை' என்று பெயர் வைத்திருந்தார்கள். இடது பின்கதவு கீல் தளர்ந்து தொங்கியது. அதை ஒரு விரல் அளவு தூக்கித்தான் சாத்த வேண்டும். அடுத்த வாரம் பார்க்கிறேன் என்று அவர் சொல்லத் தொடங்கி ஆறு வருஷம் ஆகியிருந்தது.

துரு விஷயத்தில் மட்டும் அவர் தள்ளிப்போடமாட்டார். சக்கரத்தின் மேல்வளைவில், கதவின் அடியில் என்று எங்கே பெயிண்ட் கொப்புளித்தாலும் அந்த வாரமே உட்கார்ந்துவிடுவார். கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, தகடு பளிச்சென்று தெரியும்வரை தேய்ப்பார். பிரைமர் அடித்துக் காயவிட்டு, வாட்டர் பேப்பரை நனைத்து மழமழவென்று இழைப்பார். பிறகுதான் நிறம். கடையில் வாங்கிய நீலம் புதுக் காரின் நீலம். அதை இந்தக் கிழட்டுக் காரில் வைத்தால் துவைச்ச சட்டையில் புதுத்துணி ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கும். அதனால் ஜாம் பாட்டிலில் கொஞ்சம் ஊற்றி, வெள்ளையும் கறுப்பும் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக் கலக்குவார். மூடியின் மேல் ஒரு பொட்டுத் தடவி வைப்பார். பிறகு ஒரு சமயம் அந்த மூடியைக் கதவோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவளைக் கூப்பிடுவார்.

"சேர்ந்துடுச்சா பாரு."

அவருக்குக் கண் இல்லாமல் இல்லை. லிஃப்ட் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. மாட்டியவன் கையெழுத்துப் போடக்கூடாது, இன்னொருவன் வந்து பார்த்துப் போட வேண்டும். அது அவர் எலும்பில் ஊறிப்போயிருந்தது. வீட்டில் குழாய்க்கு வாஷர் மாற்றினால்கூட அவளைத் திறந்து மூடிப் பார்க்கச் சொல்லுவார். தம்பியைக் கேட்கமாட்டார். தம்பிக்கு வீட்டில் 'அவசரம்' என்று பெயர். அவன் எதையும் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே சூப்பர் என்று சொல்லிவிடுவான். அவளோ துணியையும் நூலையும் வாசலுக்கு எடுத்துப் போய் வெளிச்சத்தில் ஒத்துப் பார்க்கிறவள். அவள் தூரக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, நின்று ஒரு தடவை, குந்தி ஒரு தடவை, கேட் அருகே போய் ஒரு தடவை பார்ப்பாள். சேர்ந்துடுச்சு என்று அவள் சொன்ன பிறகுதான் பிரஷ் கதவைத் தொடும்.

அன்று பதினோரு மணிக்கு அவர் கூப்பிட்டபோது அவள் பள்ளிச் சட்டைகளுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். முப்பது சட்டை, மறுநாள் கொடுக்க வேண்டும். மூக்கில் இருந்தது கிட்டக் கண்ணாடி. ஜன்னல் வழியாக அவர் முதுகும் அதற்கு அப்பால் ஏதோ நீலமும் தெரிந்தன.

"சேர்ந்துடுச்சு, சேர்ந்துடுச்சு. போட்டுட்டு உள்ள வாங்க" என்று மிஷினை நிறுத்தாமலே சொன்னாள்.

சாப்பிடும்போது அவர் கேட்டார். "கண்ணாடி போட்டுட்டுதானே பாத்தே?"

"பின்ன?" என்றாள்.

அவர் சிரித்துவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அந்த ஜாம் பாட்டில்.

அவர் போன பிறகு முதல் இரண்டு வாரம் அவள் காரின் பக்கமே போகவில்லை. மூன்றாவது வாரம், காரியத்துக்கு வந்திருந்த மகள் ஊருக்குத் திரும்பினாள். அவளுடைய பையைப் பின்சீட்டில் வைத்துவிட்டு, கதவைத் தூக்கிச் சாத்தக் குனிந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. சாயங்கால வெயில் சாய்ந்து விழுந்திருந்தது. கதவின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு. மற்றதைவிட ஒரு படி கருத்து, தண்ணீர் தெளித்த இடம் மாதிரி இருந்தது.

சேரவில்லை.

அந்தக் காரில் அவர் தொட்ட இடங்கள் பத்துக்கு மேல் உண்டு. எதுவும் யாருக்கும் தெரியாது. அவளாலேயே விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க முடியும். இது ஒன்றுதான் பல்லை இளித்தது. அவர் கையெழுத்துக் கேட்டார். அவள் பார்க்காமலே போட்டுக் கொடுத்தாள். அதை நம்பி அவர் கதவில் பூசிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் நம்பினாரா என்பதுதான் அன்றிலிருந்து அவளை அரித்தது. சட்டை தைத்தால் ஊசி நின்றது. சாப்பிட உட்கார்ந்தால் அந்தப் 'பின்ன?' காதில் விழுந்தது.

ஏழாவது வாரம் அவசரம் வந்தான். அண்ணன் போனதிலிருந்து அவன் தினம் ஒரு உதவியைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தான். அன்றைக்குத் தெரிந்த பெயிண்டர் ஒருவரைப் பேசி முடித்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துப் போய் முழுசாகத் தேய்த்துப் புது நிறம் அடித்துக் கொடுப்பாராம். மகளும் சரி என்றுவிட்டாளாம்.

"ஒரே நாள்ல எல்லாம் மறைஞ்சுடும் அண்ணி. புது மாப்பிள்ளை மாதிரி வந்து நிக்கும்."

அதுதான் அவளுக்கு வேண்டாம். மறைந்துவிட்டால் அந்தத் திட்டு அடியில் அப்படியே இருக்கும், அவள் பொய்யும் அதோடு இருக்கும். ஞாயிற்றுக்கிழமைவரைக்கும் பொறுங்க தம்பி, இந்த ஒரு இடத்தை நான் சரி பண்ணிவிட்டால் முழு பெயிண்ட் வேண்டாம் என்றாள். அவன் காரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். அண்ணிக்கு என்ன ஆகிவிட்டது என்று கேட்க வாயெடுத்து, அதிசயமாக, கேட்காமல் போனான்.

வியாழக்கிழமை ஷெட்டைத் திறந்தாள். அலமாரியில் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு மூடியிலும் ஒரு நீலப் பொட்டு. பிரஷ் மேலே கிடந்த பாட்டில்தான் கடைசியாகப் பூசியது. கதவின் திட்டும் அந்த மூடியும் ஒரே நிறம்.

அவர் செய்து அவள் பார்த்திருந்ததையெல்லாம் செய்தாள். சுற்றிலும் டேப் ஒட்டினாள். வாட்டர் பேப்பரை நனைத்துத் திட்டை இழைத்தாள். பாட்டிலில் வெள்ளையைக் குச்சியால் தொட்டுத் தொட்டுச் சேர்த்தாள். நூல் தேர்ந்தெடுக்கும் கண் அல்லவா, கலக்கக் கலக்கக் கைக்கு வந்துவிட்டது. கதவோடு ஒத்துப் பார்த்து மெல்லிசாகப் பூசினாள். சேர்ந்திருந்தது. நின்று பார்த்தாள், குந்திப் பார்த்தாள், சேர்ந்திருந்தது. உள்ளே போய் டீ குடித்துவிட்டு வந்தால், பழையபடி ஒரு படி கருத்த திட்டு அவளைப் பார்த்துக்கொண்டு நின்றது.

மறுநாள் பாட்டிலைத் துணியில் சுற்றிக்கொண்டு பெயிண்ட் கடைக்குப் போனாள். கடைக்காரர் அவரை நன்றாகத் தெரிந்தவர். நடந்ததைக் கேட்டு, போனவரைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார். பிறகு பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார்.

"ஈரத்துல எல்லா பெயிண்டும் நல்ல பிள்ளைதாம்மா. காயக் காய ஒரு படி இறங்கிடும். மூடியில தடவிக் காயவிட்டுப் பாத்தீங்களா?"

"மூடியில தடவறது எந்தப் பாட்டில்னு அடையாளத்துக்குன்னு நெனச்சேன்."

கடைக்காரர் சிரிக்கவில்லை. அவளுக்குத்தான் சிரிப்பு வந்தது. எத்தனை வருஷம் அந்த மூடிகளைப் பார்த்து சேர்ந்துடுச்சு என்று சொல்லியிருக்கிறாள்! ஒரு நாளும் ஏன் மூடி என்று கேட்டதில்லை. நூல் காலையில் ஒரு நிறம் சாயங்காலம் ஒரு நிறம் ஆகாது. தைக்கிறவளுக்கு அது தோன்றவே தோன்றாது.

வீட்டுக்கு வந்ததும், முதலில் இருக்கிற மூடிகளையெல்லாம் கதவில் வைத்துப் பார்ப்போம் என்று கழற்றி எடுத்தாள். ஒன்று பச்சையடித்தது. ஒன்று வெளிறிக் கிடந்தது. எதுவும் சேரவில்லை. தின்னர் டப்பாவை நகர்த்தியபோது ஷெட் ஜன்னலின் விளிம்பில் இன்னொரு மூடி தெரிந்தது. தனியாக, பொட்டு மேலே பார்க்க, காயவைத்த மாதிரி இருந்தது. அதன் பக்கத்தில் பாட்டில். மூடி காய்கிறது என்பதால் பாட்டிலின் வாயில் பிளாஸ்டிக் தாளைப் போட்டு ரப்பர் பேண்டால் கட்டியிருந்தார்.

மூடியை எடுத்துப் போய்க் கதவில் வைத்தாள். பொட்டின் ஓரம் எங்கே முடிகிறது, கதவு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. நூலால் கட்டி மூடியைக் கைப்பிடியிலிருந்து தொங்கவிட்டு, குந்திப் பார்த்தாள். கேட்வரை போய்ப் பார்த்தாள். சேர்ந்திருந்தது.

திரும்பி வந்து பாட்டிலைக் கையில் எடுத்தாள். அதன் வயிற்றில் ஒரு ஸ்ட்ராபெரியும் இரண்டு இலைகளும் இருந்தன.

அவர் கவிழ்த்துப் போட்டு உட்காருகிற பெயிண்ட் வாளியின் மேல் அவள் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பாட்டில் அன்று காலைவரை ஜாம் பாட்டில். அவர் அதை எடுத்துப் போனது சாப்பாட்டுக்குப் பிறகு. அதற்கு முன்னாலேயே கதவில் பூசியது காய்ந்திருக்கும். வெளியே நின்று அதைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட வந்திருக்கிறார். அவள் எந்தக் கண்ணாடி போட்டிருந்தாள் என்று தெரிந்துதான் கேட்டிருக்கிறார். அவள் 'பின்ன?' என்றதும் சிரித்துவிட்டுச் சோறு போட்டுக்கொண்டு, காலிப் பாட்டிலைக் கேட்டு வாங்கிப் போய், மறுநாள் காலையில் மூடியைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் கூப்பிடுவதற்காக எல்லாவற்றையும் தயாராக வைத்துவிட்டு வந்து படுத்திருக்கிறார்.

"தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லலியே" என்று ஷெட்டைப் பார்த்துச் சொன்னாள். ஏழு வாரத்தில் அவள் முதல்முறையாக அவர்மேல் கோபப்பட்டது அப்போதுதான். அழுகையும் அந்தக் கோபத்தோடு சேர்ந்துதான் வந்தது, நன்றாக, சத்தமாக.

சனிக்கிழமை காலையில் அவசரம் வந்து சேர்ந்தபோது அவள் திட்டை மறுபடி இழைத்து முடித்திருந்தாள். பாட்டிலில் மேலே ஆடை கட்டியிருந்தது. அதை எடுத்தெறிந்துவிட்டு, அடியில் உயிரோடிருந்த பெயிண்ட்டை லைனிங் துணியில் வடிகட்டி, தின்னர் விட்டு இளக்கியிருந்தாள். விஷயத்தை அவனிடம் சொன்னாள். கேட்டுவிட்டு அவன் கொஞ்ச நேரம் கால் கட்டைவிரலால் தரையைத் தேய்த்தான்.

"என்னை ஒரு தடவைகூட அண்ணன் கேட்டதில்ல. எப்படிக் கேப்பாரு, நான் பாக்காமலே சூப்பர்னுதான் சொல்லியிருப்பேன்."

"நானும் அதைத்தானே சொன்னேன்" என்றாள்.

மெல்லிசாக மூன்று கோட் பூசினாள். ஒவ்வொன்றும் காயும்வரை இருவரும் படியில் உட்கார்ந்திருந்தார்கள். அவசரம் ஒரு இடத்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. மூன்றாவது கோட்டும் காய்ந்த பிறகு டேப்பை உரித்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு தள்ளி நின்றாள்.

"நான் பூசினவ. நான் சொல்லக்கூடாது. நீங்க பாருங்க தம்பி."

"நானா?"

"நின்னு ஒரு தடவை, குந்தி ஒரு தடவை, கேட்டுக்குப் போய் ஒரு தடவை. சூப்பர்னு மட்டும் சொல்லாதீங்க."

அவன் நின்று பார்த்தான். கேட்டுக்குப் போய்ப் பார்த்தான். திரும்பி வந்து குந்தினான். குந்தியவன் எழுந்திருக்கவில்லை. கழுத்தை அந்தப் பக்கம் சாய்த்தான், இந்தப் பக்கம் சாய்த்தான்.

"நிறம் சேர்ந்துடுச்சு அண்ணி. ஆனா இந்த ஓரத்துல ஒரு கோடு தெரியுது. டேப் ஒட்டின இடம்." சொல்லிவிட்டுத் தப்புச் செய்தவன் போல நிமிர்ந்து பார்த்தான். "தெரியுது, என்ன பண்றது?"

அவள் குனிந்து பார்த்தாள். மயிரிழை மாதிரி ஒரு கோடு இருக்கத்தான் இருந்தது. இப்படி ஒரு குறையைக் கேட்டு அவளுக்கு வாழ்க்கையில் இத்தனை சந்தோஷம் வந்ததில்லை. வாட்டர் பேப்பரால் கோட்டை மெல்ல இழைத்தாள். பெயிண்ட்டில் தின்னரைத் தாராளமாக விட்டு, பிரஷ் நுனியால் ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாக இழுத்து இழுத்து, கோட்டைக் கரைத்தாள். காய்ந்ததும் அவசரம் திரும்பவும் குந்தினான். இந்தத் தடவை விரலால் தடவிப் பார்த்துத்தான் வாயைத் திறந்தான்.

"சேர்ந்துடுச்சு."

ஞாயிற்றுக்கிழமை அதன்மேல் பளபளப்புக்கு நிறமில்லாத கிளியர் பூச்சு அடித்தாள். பெயிண்டருக்கு அவசரமே போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அடுத்த வாரம் தைத்த சட்டைகளைப் பின்சீட்டில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோனாள். இப்போது அந்த இடம் அவளுக்குக்கூடக் கண்ணில் படுவதில்லை, விரலால்தான் தேட வேண்டியிருக்கிறது. அந்தக் கதவை இன்னமும் ஒரு விரல் அளவு தூக்கித்தான் சாத்துகிறாள்.