உள்ளே பூட்டும் அறை

“இதுதான்,” என்றாள் அஜந்தா.

கணினித் திரையில் பலெர்மோ நகரத்து ஹொட்டல் ஒன்று. சிசிலித் தீவு, பழைய நகரம், நாலாம் மாடி, லிஃப்ட் கிடையாது. பல்கனியோடு ஓர் அறை. அவள் விரல் பல்கனியைத் தாண்டிப் போய் அறைக் கதவில் நின்றது.

“உள்ளாலை பூட்டலாம். வடிவாப் பாருங்கோ, பூட்டிலை திறப்பு தொங்குது.”

கணவன் ஆரூரன் பேச்சை இழுத்தான். “மொண்டெல்லோவிலை கடற்கரையோடை ஒண்டு பாத்தமெல்லே. அங்கை லிஃப்டும் இருக்கு.”

“கடலுக்கு பஸ்ஸிலை போகலாம். இங்கை நிண்டால் எல்லாம் நடந்தே பாக்கலாம். களைச்சால் வந்து கதவைப் பூட்டிப்போட்டுப் படுக்கலாம். பகலிலை!”

ஆரூரன் லிஃப்டை மறந்துபோனான்.

பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் அவர்கள் இருந்தது அவனுடைய அண்ணன் ஆனந்தராசாவின் வீட்டில். மொன்றியலின் பழைய வீடுகளில் இருக்கும் இரட்டைக் கூடம். நடுவில் இழுத்துச் சாத்தும் மரக்கதவு. இந்தப் பக்கம் இவர்களின் கட்டில். அந்தப் பக்கம் தொலைக்காட்சி, சோபா. இரவில் சோபாவை விரித்து ஆனந்தராசா. அண்ணி பெண்பிள்ளைகளோடு உள்ளறையில். ஆனந்தராசா காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் படுப்பார். காதுக்குள் குளிர் போகிறதாம்.

மரக்கதவுக்குப் பூட்டு இல்லை. கலியாணமாகி இரண்டு வருஷம்.

விமானச் சீட்டு வாங்கியாயிற்று. தங்குமிடம் மட்டும் பாக்கி. அங்கேதான் ஆரூரன் தப்புச் செய்தான்.

சனிக்கிழமை காய்கறி வாங்கப் போனவன், கடைக்காரர் சண்முகலிங்கத்திடம் வாய் விட்டான். “பலெர்மோவிலை எந்தப் பக்கம் நிக்கிறது நல்லது, அண்ணை?”

மீன் வெட்டிய கத்தி அந்தரத்தில் நின்றது. “பலெர்மோவோ? அங்கை எங்கடை பத்திநாதர் இருக்கிறாரடாப்பா!”

அவ்வளவுதான். ஆரூரன் வீடு வந்து சப்பாத்தைக் கழற்றவில்லை, தொலைபேசி அலறியது.

“ஓம் அண்ணை... இல்லை அண்ணை, அப்பிடியில்லை... சரி அண்ணை.”

ரிசீவரை வைத்தபோது அவன் முகத்தில் ஈயாடவில்லை.

“ஆர்?” என்றாள் அஜந்தா.

“பத்திநாதர். அண்ணையோடை ஒரே வகுப்பிலை படிச்சவர். தன்ரை வீட்டிலைதான் நிக்கவேணுமாம். ஹொட்டலிலை நிண்டால் எங்கடை செத்தவீட்டுக்கும் வரமாட்டாராம்.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“ஓம் எண்டு.”

அஜந்தா அவனைத் திட்டவில்லை. மேசை லாச்சியிலிருந்து வெளிநாட்டு அழைப்புக்கான டெலிபோன் காட் ஒன்றை எடுத்துச் சுரண்டினாள். அதன் இலக்கங்களையும் பத்திநாதரின் இலக்கத்தையும் அழுத்தினாள்.

எடுத்தது அவர் மனைவி யோசெப்பின். பின்னால் பிள்ளைகளின் கூச்சல்.

“அக்கா, நான் மொன்றியலிலை இருந்து அஜந்தா. உங்கடை வீட்டிலை நாங்கள் எங்கை படுப்பம்?”

“எங்கடை அறையைத் தாறம் பிள்ளை. நாங்கள் பிள்ளையளோடை கூடத்திலை. நடுவிலை கதவில்லை, சீலை ஒண்டு போட்டிருக்கு.”

“சீலையோ?” என்றாள் அஜந்தா.

“மொன்றியலிலை தனிய இருக்கிறியளோ?” என்றாள் யோசெப்பின்.

“இல்லையக்கா. இவரின்ரை அண்ணை வீட்டிலை. நடுவிலை ஒரு கதவு.”

“பூட்டு?”

“இல்லை.”

மறுமுனையில் ஒரு சிரிப்பு. “நீ ஹொட்டலைப் பிடி. ஞாயிற்றுக்கிழமை நண்டுக்கறிக்கு மட்டும் வந்திடு. இவரை நான் பாக்கிறன்.”

“என்ன சொல்லுவியள்?”

“உனக்குப் பயங்கரக் குறட்டையெண்டு.”

மறுநாள் மத்தியானம். ஆனந்தராசா ஹொக்கி மட்ச் பார்த்துக்கொண்டிருந்தார். மரக்கதவு பாதி திறந்திருந்தது. இந்தப் பக்கம் அஜந்தா பதிவுப் பக்கத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள், ஆரூரன் பக்கத்தில்.

தொலைபேசி அடித்தது. ஆனந்தராசா எடுத்தார்.

“பத்தியோ! சொல்லு மச்சான்... என்ன? குறட்டையோ? ஆருக்கு, எங்கடை அஜந்தாவுக்கோ?”

அஜந்தாவின் விரல்கள் அப்படியே நின்றன.

அந்தப் பொய்யை உடைக்கக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவர்தான். இரண்டு வருஷமாக அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் படுப்பவர். அவர் “ஆர் சொன்னது?” என்று சிரித்தால் போதும். ஹொட்டல் போச்சு. யோசெப்பினின் மானமும் சேர்ந்து போச்சு.

ஆனந்தராசா தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தார். திரும்பிக் கதவைப் பார்த்தார். கதவுக்கு இந்தப் பக்கம் பேயறைந்தது போல இரண்டு முகங்கள்.

“அதை ஏன் கேக்கிறாய் மச்சான்,” என்றார் ஆனந்தராசா. “வீடே அதிரும். நான் ரெண்டு வருசமாப் பஞ்சு வைச்செல்லோ படுக்கிறன். உன்ரை பிள்ளையள் நித்திரை கொண்டு பள்ளிக்கூடம் போறதில்லையே? பேசாமல் ஹொட்டலிலை விடு.”

ரிசீவரை வைத்தார். மறுபடியும் மட்ச் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எந்தப் பக்கத்திலை ஹொட்டல்?”

“பழைய நகரத்திலை, அத்தான்,” என்றாள் அஜந்தா.

“கதவு பூட்டுமோ?”

“ஓம்.”

“அப்ப ஏன் பாத்துக்கொண்டிருக்கிறியள்? பதியுங்கோவன்.”

சோபாவின் தலைமாட்டில் அந்தப் பஞ்சு டப்பா இருந்தது. அஜந்தா அதை இரண்டு வருஷமாகத் தினமும் பார்க்கிறாள். மொன்றியல் குளிர் எவ்வளவு பொல்லாதது என்றாலும், ஆடி மாத வெக்கையிலும் அவர் ஏன் பஞ்சு வைக்கிறார் என்று இன்றைக்குத்தான் யோசித்தாள். காது மடல் வரை சூடேறியது.

“இஞ்சேருங்கோ,” என்றாள் ஆரூரனிடம் மெல்ல. “திரும்பி வந்த கையோடை வேறை வீடு பாக்கவேணும்.”

அவன் தலையாட்டினான். பதிவுப் பொத்தானை அழுத்தினான்.

அந்தப் பக்கம் ஆனந்தராசா தொலைக்காட்சிச் சத்தத்தை நன்றாகவே கூட்டினார்.