பெற்றவள் தத்தெடுக்க வந்த நாள்

என்னைப் பெற்றவளின் பெயர் என் பிறப்புச் சான்றிதழில் ஏற வேண்டுமென்றால், அவள் என்னைத் தத்தெடுக்க வேண்டும். எங்கள் மாநிலத்துச் சட்டம் தலையைச் சுற்றித்தான் மூக்கைத் தொடும். எனக்கு ஐம்பத்தாறு வயது. மூட்டுவலிக்கு மாத்திரை போடுகிறேன். இனி உன் பள்ளிக்கூடச் செலவை உன்னைப் பெற்றவர்தான் பார்க்க வேண்டும் என்று என் கணவர் டுவேன் கேலி செய்தார்.

கல்யாணமாகாமல் கர்ப்பமான பெண்களை ஒளித்துவைக்க தேவாலயம் நடத்திய விடுதியில் நான் பிறந்தேன். மூன்றாம் நாள் ஓல்சன் தம்பதியிடம் தத்துப் போனேன். நல்ல மனிதர்கள், இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் திருமதி ஓல்சன் என்னைப் பெற்றதாகச் சான்றிதழ் சொல்கிறது. அரசாங்கமே முத்திரை குத்திய பொய்.

என்னைப் பெற்ற ஆர்டித்தை ஒன்பது வருடங்களுக்கு முன் தேடிக் கண்டுபிடித்தேன். முட்டைகளைப் பெட்டியில் அடைக்கும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவளுக்கு வேறு பிள்ளை இல்லை. பதினேழு வயதில் என்னைக் கொடுத்துவிடத் தன்னைக் கையெழுத்துப் போட வைத்த கதையை முதல் நாளே சொன்னாள். யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று சமூக சேவகி கேட்டாளாம். அவளுடைய அப்பா தொப்பியைக் கையில் பிடித்தபடி பின்னால் நின்றாராம். "இல்லன்னு சொன்னேன்," என்றாள். பிறகு அதைப் பற்றி அவள் பேசியதே இல்லை. நான் அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். அம்மா என்று சொல்ல எனக்குக் கூச்சம், சொல்லும்படி கேட்க அவளுக்கும் கூச்சம்.

தத்தெடுக்க மனு போட வேண்டும் என்றவள் அவள்தான். "நான் போறதுக்குள்ள காயிதத்துல என் பேரு இருக்கணும்," என்றாள். ஆனால் விசாரணைத் தேதி வருவதற்குள் அவளுக்கு நினைவு தப்பத் தொடங்கிவிட்டது. காலையில் தெளிவாக இருப்பாள், மதியத்துக்குமேல் காலமே குழம்பிவிடும். அதனால் வக்கீல் ஹாஸ்கின்ஸ் அலைந்து திரிந்து பத்து மணிக்கு நேரம் வாங்கினார். அன்று காலை முதியோர் இல்லத்தில் அவள் ஓட்ஸ் கஞ்சியை முழுதாகக் குடித்து, என் நாயைப் பெயர் சொல்லி விசாரித்தாள். எல்லாம் நல்லபடி முடியும் என்று நான் நம்பிவிட்டேன்.

நீதிமன்றத்தில் எங்களுக்கு முன்னால் இருந்த வேலித் தகராறு வழக்கு இழுத்துக்கொண்டே போனது. எங்களைக் கூப்பிடும்போது ஒரு மணி. நீதிபதி இளம் பெண், தன்மையாகத்தான் பேசினார். சட்டப்படி கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"உங்கள யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

ஆர்டித் சக்கர நாற்காலியில் மெல்லத் திரும்பிப் பின்னால் பார்த்தாள். அங்கே டுவேன், குளிருக்குப் போட்டு வந்த தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார்.

"ஆமா. எங்கப்பா," என்றாள். அப்புறம் அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "கையெழுத்துப் போடமாட்டேன். என் புள்ளயக் குடுக்கமாட்டேன்."

நீதிபதி பத்து நிமிடம் அவகாசம் கொடுத்தார். நீங்கள் எடுத்துச் சொன்னால் ஆர்டித் கேட்பார், இன்னொரு தேதிக்குள் அவர் நிலைமை இன்னும் மோசமாகிவிடும் என்று ஹாஸ்கின்ஸ் என் காதில் சொன்னார். இரண்டும் உண்மை. நான் நாற்காலி அருகே மண்டியிட்டேன். அவள் என்னைச் சமூக சேவகி என்று நினைத்துக்கொண்டாள். "எத்தன தடவ கேட்டாலும் இதான் பதில், மேடம்," என்றாள்.

கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பாள். அழுத்தினால் போடுகிறவள்தானே. தத்துப் பத்திரத்தின் மேல் கிடந்த பேனாவை எடுத்து மூடினேன்.

"போட வேணாம்மா. புள்ள உங்ககிட்டயே இருக்கட்டும்."

"நெசமாவா?" என்று கேட்டாள். அன்று முழுக்க என் விரலை அவள் விடவில்லை. மனு தள்ளுபடியானது.

மார்ச் மாதம் இறந்தாள். உடலை எரிக்கச் சட்டப்படி உறவினரான ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், என் கையெழுத்து செல்லாது என்றார்கள். அரிசோனாவில் இருக்கும் அவளுடைய அண்ணன் மகனைப் பிடித்தார்கள். அத்தையை எப்போது கடைசியாகப் பார்த்தோம் என்பதுகூட அவனுக்கு நினைவில்லை. அவன் போட்டு அனுப்பினான். பேனாவை மூடியதற்கு நான் வருந்தவில்லை என்றால் அது பொய். அவளுடைய மகளான நான் இறுதிச் சடங்கில் சுவரோரம், உறவினரல்லாத மற்றவர்களுக்குப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.