பருத்திப்பட்டு ஏரியில் இறங்கிய பெட்டிகள்

புதிய விமான நிலையக் கட்டடம் திறந்த மறுநாள் காலை ஏழேகாலுக்கு, துபாய் விமானத்தில் வந்த நாற்பத்தோரு பெட்டிகளும் பருத்திப்பட்டு ஏரியில் வந்து இறங்கின. மதகுக்குப் பக்கத்தில் தண்ணீர் லேசாகப் புடைத்துக்கொள்ளும், ஒரு பெட்டி மேலே வரும், ஆடாமல் அசையாமல் கரை சேரும், அதற்குப் பின்னால் அடுத்தது வரும். ஒன்றுகூட நனையவில்லை. பெயர்ச்சீட்டெல்லாம் லோடர்கள் அடுக்குகிற முறைப்படி மேல்பக்கம் பார்த்தே இருந்தன. அன்றைக்கு ஆவடி மார்க்கெட்டில் தக்காளி கிலோ மூன்று ரூபாய். ஏரியில் துணி துவைத்துக்கொண்டிருந்த வடிவுதான் முதலில் பார்த்தவள். சோப்புக் கையோடு போய் ஒவ்வொரு பெட்டியாகப் புரட்டிப் பார்த்தாள். தன் பெட்டி அதில் இல்லை என்று தெரிந்ததும், நல்லா இருக்குது நியாயம் என்று சொல்லிவிட்டு மறுபடி துவைக்க உட்கார்ந்தாள்.

வடிவின் பெட்டி என்றால் அவள் கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் கொடுத்த டிரங்குப் பெட்டி. பச்சைப் பெயின்ட் அடித்து, மூடியில் வெள்ளை எழுத்தில் 'ப. வேம்புலி, ஏரிக்கரைத் தெரு, பருத்திப்பட்டு' என்று எழுதியிருக்கும். வேம்புலி அவள் புருஷன். அப்பனும் பாட்டனும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். வேம்புலி விமானத்தில் பெட்டி ஏற்றி இறக்கப் போனான். அந்த விமானக் கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம், அவர்கள் எதற்கெடுத்தாலும் வக்கீலைக் கூப்பிடுகிறவர்கள். எண்பத்தொன்றாம் வருஷத்திலிருந்து அங்கே அவன் கேஷுவல் லோடர். தினம் காலையில் கேட்டில் காவல்காரர் இளஞ்சிவப்புச் சீட்டு ஒன்றில் தேதி முத்திரை குத்திக் கொடுப்பார். அதுதான் அவன் அன்றைக்கு வேலைக்கு வந்ததற்கு உலகத்தில் உள்ள ஒரே அத்தாட்சி. எட்டு வருஷத்துச் சீட்டையும் அசலாகக் கொண்டுவந்து காட்டினால் பர்மனென்ட் என்று எண்பத்தொன்பது ஆவணியில் கடிதம் வந்தது. வேம்புலி சீட்டுகளை வருஷவாரியாகக் கட்டி டிரங்கில் அடுக்கி, மேலே வடிவு கொடுத்த புளிச்சோற்று டிபன் கேரியரையும் வைத்து, ஆவடியில் ரயிலேறிப் போனான். அவன் போன நாள் புதிய கட்டடத்தின் திறப்பு விழா நாளாக அமைந்தது அவன் தலையெழுத்து.

கட்டடம் முடியாமலே திறந்தார்கள். மந்திரிக்கு அந்தத் தேதிதான் ஒத்துவந்தது. கூரையில் மூன்று இடத்தில் ஒழுகியது, மழையே இல்லாமல். கக்கூஸில் தண்ணீர் இல்லை. தானாகத் திறக்கும் கதவு தானாகத் திறந்தது, மூட மட்டும் ஆள் வேண்டியிருந்தது. பெட்டி விசாரணைக் கவுன்ட்டருக்கு நாற்காலி வரவில்லை என்பதால் அதைக் கவனிக்கும் சுசீலா மேடம் விடியற்காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தார். நாற்காலி எங்கே என்று கேட்டதற்கு, முதலில் பூமாலைக்கு ஆள் அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். டூட்டி ஆபீசர் பரந்தாமன் கையில் ஒரு பட்டியலோடு ஓடிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், ஆனால் மேலே இருந்து யார் எது சொன்னாலும் தலையாட்டியே கழுத்து தேய்ந்தவர்.

பெட்டிகள் சுற்றி வருகிற பெல்ட்டுக்கு லோடர்கள் பூஜை போட்டார்கள். சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை, கற்பூரம், பூசணிக்காய். புது வண்டியானாலும் புது மெஷினானாலும் முதல் ஓட்டம் வெறுமையாக ஓடக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். மந்திரி பட்டனில் விரலை வைத்துவிட்டார், பெல்ட்டில் வைக்க ஒரு பெட்டி இல்லை. விழாவுக்காக அந்தக் காலை விமானங்களையெல்லாம் தள்ளிவிட்டிருந்தார்கள். பரந்தாமன் சுற்றிலும் பார்த்தார். வேம்புலி தோளில் டிரங்கு இருந்தது. "குடுப்பா, அஞ்சு நிமிஷம், சுத்திக்கினு வந்துடும்" என்றார். வேம்புலி கொடுத்தான். மந்திரி பட்டனை அழுத்தி ஓட்டும் முதல் பெட்டி தன் பெட்டி என்பதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பிற்பாடு அதை நினைத்து நினைத்து அவன் தன்னையே திட்டிக்கொண்டான். சந்தனம் வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டி ஏற்றினார்கள். பெட்டி ரப்பர்த் திரைக்குள் போனது. எல்லோரும் கைதட்டினார்கள். திரும்பி வரவில்லை.

பள்ளியில் முதல் நாள் கற்ற எழுத்து மாதிரி, பெல்ட் அந்த ஒரு விலாசத்தைக் கற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு எந்த ஊரிலிருந்து எவர் பெட்டி வந்தாலும் அதைப் பருத்திப்பட்டு ஏரிக்கே அனுப்பியது. முதலில் போலீஸ் வந்து வேம்புலியைத்தான் பிடித்தது. நாற்பத்தோரு பெட்டி ஒருத்தன் வீட்டுக்குப் பின்னால் கிடந்தால் வேறென்ன செய்வார்கள். பரந்தாமன் ஜீப்பில் வந்து சேர்ந்தபோது சிங்கப்பூர் விமானத்துப் பெட்டிகள் தண்ணீரிலிருந்து ஏறிக்கொண்டிருந்தன. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வேம்புலியின் கையை விட்டார். பரந்தாமன் கரையில் உட்கார்ந்து சாமான் புகார்ப் படிவத்தை எடுத்தார். அதில் மூன்று கட்டங்கள் உண்டு: தொலைந்தது, உடைந்தது, தாமதம். ஏரி என்று கட்டம் இல்லை. நெடுநேரம் யோசித்துத் தாமதம் என்பதில் டிக் போட்டார். உள்ளே இருந்த பொருள்களை எழுதி டூட்டி ஆபீசர் கையெழுத்துப் போட்டுவிட்டால் கம்பெனியில் எந்தக் கொம்பனும் அதை மறுக்க முடியாது, இன்சூரன்ஸ்காரன் உட்பட.

"எல்லார் பொட்டியும் வந்துட்ச்சு, என் பொட்டி எங்க சார்?" என்றான் வேம்புலி.

"முதல்ல பாசஞ்சர் பெட்டிப்பா. ஸ்டாஃப் பெட்டியெல்லாம் அப்புறம்."

"நான் ஸ்டாஃபுன்னு இப்ப சொன்னியே சார், அத்தையே ஒரு பேப்பர்ல எய்திக் குடு."

பரந்தாமன் பேனாவை மூடி பாக்கெட்டில் சொருகிக்கொண்டார்.

பெல்ட்டைப் பார்த்த இன்ஜினியர்கள் பெல்ட் சரியாக இருக்கிறது, ஏரியைப் பாருங்கள் என்றார்கள். ஏரிக்குப் பொறுப்பானவர்கள் ஏரி சோழன் காலத்திலிருந்து சரியாக இருக்கிறது, பெல்ட்டைப் பாருங்கள் என்றார்கள். வேம்புலிக்கு மட்டும் காரணம் தெரிந்திருந்தது. விமான நிலையத்து விலாசம் எழுதின ஒரு பெட்டியை வைத்து, பூஜை போட்டு, முதல் ஓட்டம் மறுபடி ஓட்டினால் போதும் என்று பரந்தாமனிடம் சொன்னான். பரந்தாமன் அதை இதற்கென்று போட்ட கமிட்டிக்கு எழுதினார். திறந்த கட்டடத்தை இன்னொரு முறை திறக்க விதி இல்லை, திறப்பதானால் மந்திரி வர வேண்டும், மந்திரி வந்தால் முதல் திறப்பு சரியில்லை என்று ஆகிவிடும் என்று பதினோரு மாதம் கழித்துப் பதில் வந்தது. அதற்குள் மந்திரியும் மாறியிருந்தார்.

ஆகவே தற்காலிக ஏற்பாடு என்று ஏரிக்கரையில் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை போட்டு, வேம்புலியை அங்கே வேலைக்கு நிறுத்தினார்கள். தற்காலிகம் எட்டு வருஷம் நடந்தது. பயணிகள் விமானத்திலிருந்து இறங்கி, சுசீலா மேடத்திடம் சண்டை போட்டு, டாக்சி பிடித்துப் பூந்தமல்லி வழியாகப் பருத்திப்பட்டுக்கு வந்து பெட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். பெட்டி ஏரியில் பத்திரமாக இருக்கிறது என்று சுசீலா ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டியிருந்தது. ஏரி என்ற சொல்லைப் பயன்படுத்தக்கூடாது, மாற்று வருகைப் பகுதி என்று சொல்ல வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அப்படிச் சொன்னதும் இன்னும் அதிகமாகக் கத்தினார்கள். ஒருவர் பாஸ்போர்ட்டை அவர் முகத்தில் எறிந்தார். அந்த வாரம் சுசீலா ஒரு நாள் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி வந்து, ஏரியை நேரில் பார்த்தார். "இதுதானா அது?" என்று வேம்புலியிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, இடுப்பில் கைவைத்து நின்று தண்ணீரைப் பார்த்துக் கால் மணி நேரம் திட்டினார். பிறகு வடிவு கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, மனசு லேசாக இருக்கிறது என்று சொல்லிப் போனார். நாற்காலி அவருக்கு மூன்றாம் வருஷம் வந்தது. ஏரி வழியாகத்தான் வந்தது.

வேம்புலிக்குத்தான் ஒரு வழியும் பிறக்கவில்லை. காலை எட்டு மணிக்குக் கரையில் நிற்பான். பெட்டிகளை இறக்கி, விமானவாரியாகப் பிரித்து, ஆளுக்கு ஆள் கொடுத்துக் கையெழுத்து வாங்குவான். ஒரு கோடையில் ஏரி வெடித்துக் காய்ந்தபோதும் பெட்டிகள் மண்ணிலிருந்து தூசி படாமல் வந்தன, அவனும் நின்றான். ஆனால் ஏரிக்குக் கேட் கிடையாது. கேட் இல்லாததால் முத்திரை இல்லை, முத்திரை இல்லாததால் சீட்டு இல்லை. பழைய எட்டு வருஷம் டிரங்கோடு போனது, புது எட்டு வருஷம் எழுதப்படவே இல்லை. மாதம் ஒரு தடவை ரயிலேறிப் போய் ஆள் கணக்குப் பார்க்கும் பர்சனல் செக்‌ஷன் ஜன்னலில் நிற்பான். நீ வேலைக்கு வந்ததற்கு என்ன சாட்சி என்பார்கள்.

"கேட்டு இல்லன்னா நான் வேலை செய்யலன்னு அர்த்தமா சார்? உன் பொட்டிய யாரு தூக்கிக் குடுத்தது, ஏரியில கீற மீனா?"

அந்த ஜன்னல்காரரின் பெட்டியையும் வேம்புலிதான் போன மாதம் எடுத்துக் கொடுத்திருந்தான். ஊரான் பெட்டியெல்லாம் தன் வாசலுக்கு வந்து சேர, தன் பெட்டி மட்டும் வராததை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. வடிவு அவள் பங்குக்கு, அம்மா வீட்டு டிபன் கேரியர் எங்கே என்று வாரம் ஒரு முறையாவது கேட்டாள். தண்ணீர் புடைக்கிற ஒவ்வொரு தடவையும் அவன் பச்சைப் பெயின்ட் தெரிகிறதா என்று பார்த்தான். பார்த்துப் பார்த்துக் கண்ணாடி போட்டுக்கொண்டான்.

தொண்ணூற்றேழில் பக்கத்திலேயே இன்னொரு புதிய கட்டடம் எழுந்தது. ஆனி மாதம் பதினைந்தாம் தேதி நண்பகலோடு பழைய பெல்ட்டை நிறுத்துவது என்றும், சீட்டு இல்லாத கேஷுவல் ஆட்களை அதே நாளில் கணக்கு முடித்து அனுப்புவது என்றும் உத்தரவு வந்தது. பட்டியலில் முதல் பெயர் வேம்புலி. பரந்தாமன் அந்த உத்தரவைத் தபாலில் அனுப்ப மனம் வராமல், தானே எடுத்துக்கொண்டு ஏரிக்கு வந்தார். வந்தவர் அதைக் கொடுக்கவும் மனம் வராமல் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு மணிக்குக் கடைசிப் பெட்டி வந்தது, பட்டாபிராமுக்குப் போகிற ஒரு பட்டாளத்துக்காரர் வாங்கிக்கொண்டு போனார். தண்ணீர் அடங்கியது. அங்கே பெல்ட்டின் மின்சாரக் கம்பியை வெட்டிவிட்டதாக வயர்லெஸ்ஸில் சொன்னார்கள்.

பன்னிரண்டேகாலுக்குத் தண்ணீர் மறுபடி புடைத்தது. பச்சை டிரங்கு மேலே வந்தது. மாலையில் ஒரு சாமந்தி வாடவில்லை, சந்தனம் ஈரமாக இருந்தது, மூடியின் மேல் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. வேம்புலி முட்டளவு தண்ணீரில் இறங்கிக் கட்டிப் பிடித்துக்கொண்டான். கரையில் வைத்துத் திறந்ததும் வடிவு முதலில் டிபன் கேரியரை எடுத்து அடுக்கைத் தொட்டுப் பார்த்தாள். "சோறு சூடா கீதுய்யா" என்றாள். கீழே எட்டு வருஷத்துச் சீட்டும் கட்டுக் கலையாமல் இருந்தது. அதற்கும் கீழே, அவன் வைக்காத எட்டுக் கட்டுகள் இருந்தன. அதே இளஞ்சிவப்பு, அதே முத்திரை மை. கேட் என்ற இடத்தில் பருத்திப்பட்டு என்று இருந்தது. எண்பத்தொன்பது ஆவணியிலிருந்து அந்த ஆனி பதினைந்து வரை அவன் கரையில் நின்ற ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சீட்டு. காய்ச்சலில் படுத்த ஒன்பது நாளுக்குச் சீட்டு இல்லை. சினிமாவுக்குப் போய்விட்டுக் காய்ச்சல் என்று சொன்ன ஒரு நாளுக்கும் இல்லை. கம்பெனியில் ஒருவரும் பார்க்காததை அந்தப் பெல்ட் ஒன்றுதான் பார்த்திருக்கிறது. வேம்புலி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

பரந்தாமன் மூன்று கட்டுகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பையிலிருந்து உத்தரவுக்குப் பதிலாகச் சாமான் புகார்ப் படிவத்தை எடுத்தார். தாமதம் என்பதில் டிக் போட்டார். உரிமையாளர், ப. வேம்புலி. உள்ளே இருந்த பொருள்கள், டிபன் கேரியர் ஒன்று, சோறு சூடாக; பதினாறு வருஷத்து கேட் சீட்டுகள், குறைவில்லை. கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார்.

"இத்த மின்னாடியே எய்தியிருக்கலாமே சார்" என்றான் வேம்புலி.

"பெட்டி இப்பத்தானேப்பா வந்திச்சு" என்றார் பரந்தாமன். வடிவு மூன்று தட்டு வைத்தாள். எட்டு வருஷம் கழித்து வந்த புளிச்சோற்றில் உப்பு குறைவு என்று வேம்புலி சொல்ல, அன்னிக்கே துண்ணிருந்தா அன்னிக்கே சொல்லியிருக்கலாம் என்று அவள் பதில் கொடுத்தாள்.

டூட்டி ஆபீசர் கையெழுத்தை யாராலும் மறுக்க முடியவில்லை. ஆடி மாதம் பர்மனென்ட் உத்தரவு வந்தது. சீட்டில் உள்ளபடிதான் போட முடியும் என்பதால், பணியிடம் என்ற இடத்தில் பருத்திப்பட்டு கேட் என்று போட்டிருந்தார்கள். வேம்புலி மறுநாள் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனான். பெல்ட் இல்லை, பெட்டி இல்லை, கொட்டகையையும் பிரித்துக்கொண்டு போயிருந்தார்கள். மதகுக்குப் பக்கத்தில் தண்ணீர் லேசாகப் புடைத்து, ஒரே ஒரு இளஞ்சிவப்புச் சீட்டு நனையாமல் மேலே வந்தது. எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தான். ஐந்து நிமிஷம் லேட் என்று போட்டிருந்தது. லேட்தான். மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நின்றான்.